அறிக்கையில் இருந்த நச்சு

பௌர்ணமி முடிந்த இரண்டாம் நாள் காலை, வேங்கிக்காலில் இருக்கும் சிறிய கால்நடை ஆய்வுக்கூடத்தின் வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. பின்சீட்டில் கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையைச் சேர்ந்த ரேணுகாம்பாள் உட்கார்ந்திருந்தாள். காலடியில் உரச்சாக்கு போர்த்திய இரண்டு வெள்ளாடுகள். இரண்டும் செத்திருந்தன. வழியில் வேறு ஆள் ஏறவே இல்லை என்ற கடுப்பில் இருந்த ஓட்டுநர், ஆடுகளை இறக்கியதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

"இங்க டாக்டர் யாரு?" என்று ரேணுகாம்பாள் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். நாற்பத்தைந்து வயது. பௌர்ணமிக் கூட்டத்தில் இளநீர் விற்றுப் பழகிய குரல்.

ரப்பர் பூட்ஸ் சத்தமிட அனுபமா வெளியே வந்தாள். "நான்தாங்க."

"நீயா? காலேஜ் போற பொண்ணு மாதிரி கீற."

அனுபமாவுக்கு இருபத்தொன்பது வயது. ஆரணிப் பக்கத்து ஜைன விவசாயக் குடும்பம். எறும்பு மிதிபடாமல் நடக்கச் சொல்லி வளர்த்த வீட்டிலிருந்து கால்நடை மருத்துவம் படிக்கப் போனவள், அங்கே நோய்க்குறியியலை மேற்படிப்பாக எடுத்துக்கொண்டாள். செத்த விலங்கை அறுத்து, அது ஏன் செத்தது என்று சொல்லும் படிப்பு. "செத்ததைத்தானே அறுக்கறா, கொல்லலையே" என்று அப்பா வீட்டில் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் சமாதானமானார்கள். ஒருமுறை பெரியப்பா தன் மாட்டுக்கு உடம்பு சரியில்லை, வந்து பார் என்று கூப்பிட்டபோது, "செத்தா கூப்பிடுங்க பெரியப்பா, உடனே வந்துடறேன்" என்று உண்மையான அக்கறையோடு சொல்லிவிட்டாள். அவர் ஆறு மாதம் அவளிடம் பேசவில்லை.

"நாலு ஆடு வெச்சினுகீறேன் டாக்டரம்மா" என்றாள் ரேணுகாம்பாள். "விடியக்காலைல போய் பாத்தா ரெண்டு செத்துக் கெடக்குது. விஷம் வெச்சுட்டான். பக்கத்து வூட்டு மணிவேலு. பஜ்ஜிக்கடை வெச்சிருக்கான்."

"அவர்தான்னு எப்படிச் சொல்றீங்க?"

"போன வாரம் பஜ்ஜிக்கு வெச்சிருந்த வாழக்காய என் ஆடு தின்னுடுச்சாம். ரோட்டுல நின்னு கத்தறான், இதுங்கள ஒரு நாள் தீத்துடறேன்னு. தெருவே கேட்டுச்சு. ஸ்டேஷன்ல சொன்னேன். டாக்டர் ரிப்போர்ட் கொண்டாங்கன்னுட்டாங்க."

ஆய்வுக்கூட உதவியாளர் விமல்ராஜ் ஆடுகளைப் பரிசோதனை மேடைக்குத் தூக்கினார். ஐம்பத்து மூன்று வயது மனிதர். கத்தியைத் தீட்டும் விதத்திலேயே அவருடைய இருபது வருட அனுபவம் தெரியும். ரேணுகாம்பாள் வெளியே உட்கார மறுத்துவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

முதல் ஆட்டின் வயிறு திறந்ததும் அவள்தான் முதலில் கத்தினாள். "அதோ! நீலம்! ஈரல்ல நீலம் பாரு! விஷம்னா நீலமா இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

கல்லீரலின் ஓரத்தில் உண்மையிலேயே நீலமும் பச்சையும் கலந்த ஒரு திட்டு இருந்தது.

"அது லீஷன் இல்லீங்க" என்றாள் அனுபமா. "போஸ்ட்மார்ட்டம் சேஞ்ச்."

"லைசென்ஸா? என் ஆட்டுக்கு எதுக்குமா லைசென்ஸு?"

விமல்ராஜ் சட்டென்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"லைசென்ஸ் இல்லீங்க, லீஷன். உயிரோட இருக்கும்போது நோயால உறுப்புல வர்ற மாற்றத்துக்கு அப்படிப் பேரு. இந்த நீலம் உயிரோட இருந்தப்ப வந்ததில்ல. செத்தப்புறம் ஆட்டோலிசிஸ்ல..."

"ஆட்டோலதான் கொண்டாந்தேன். அதுல வந்தா நீலமாயிடுமா?"

விமல்ராஜின் தோள் குலுங்கியது. அனுபமா உதட்டைக் கடித்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள்.

பெருவயிற்றைத் திறந்தபோது புளித்த வாடை முகத்தில் அடித்தது. இலையும் தழையும் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாகக் கூழ் மாதிரி ஏதோ நிறைந்திருந்தது. அள்ளிப் பார்த்தாள். சோறு. பாதி கரைந்த சோறு. புளிப்பைக் காட்டும் தாளை அதில் வைத்தபோது, இருக்க வேண்டிய அளவைவிட மிக அதிகமான புளிப்பைக் காட்டியது. வயிற்றின் உட்சுவரைக் கழுவிப் பார்த்தால் ரத்தச் சிவப்பாகப் புண்பட்டிருந்தது. இதுதான் லீஷன். இது உயிரோடு இருந்தபோது நேர்ந்தது. இரண்டாவது ஆட்டிலும் அதே கதை.

"ஆட்டுக்கு சோறு ஏதாவது போட்டீங்களா?"

"ஆட்டுக்கு யாராவது சோறாக்கிப் போடுவாங்களா? புல்லு, அகத்தி, வேப்பந்தழை, அவ்ளோதான்."

அனுபமாவுக்கு நோய் தெரிந்துவிட்டது. அது போதும் என்று நினைத்தாள். சோறு எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கவில்லை. பிற்பாடு அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு உறுத்தியது அந்த ஒரு கேள்விதான்.

விஷம் என்ற சந்தேகம் சொல்லப்பட்டிருப்பதால், வயிற்றில் இருந்ததிலும் கல்லீரலிலும் கொஞ்சம் எடுத்து பாட்டில்களில் மூடி, அரக்கு வைத்துப் பத்திரப்படுத்தினாள். பிறகு அறிக்கை எழுத உட்கார்ந்தாள்.

"தமிழ்ல எழுதுங்க மேடம்" என்றார் விமல்ராஜ். "அந்த ஸ்டேஷன்ல புதுசா வந்திருக்காங்களே எஸ்.ஐ. சந்திரகலா, அவங்க இங்கிலீஷ் ரிப்போர்ட்டத் திருப்பி அனுப்பிடறாங்க. எங்களுக்குப் புரியற மாதிரி குடுங்கன்னு."

அனுபமாவுக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. எந்த உறுப்பு, என்ன மாற்றம், எவ்வளவு கடுமை, எத்தனை நாளாக. இந்த நான்கையும் ஒரே வரியில் சொல்ல வேண்டும் என்று படிக்கும்போது மனப்பாடம் செய்திருந்தாள். ஆனால் ஒவ்வொரு சொல்லும் ஆங்கிலத்தில்தான் அவள் தலைக்குள் இருந்தது. கலைச்சொல் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் போராடினாள். சாப்பாடு ஆறிப்போனது. கடைசியில் ஒரு பக்கம் தயாரானது. அதன் முடிவுரையை அவளே இரண்டு முறை பெருமையோடு படித்துப் பார்த்தாள்:

'மீவிரைவு அசையூண் இரைப்பை அமிலமிகையும், அதன் விளைவான குருதி நச்சேற்றமும் இறப்பிற்குக் காரணம்.'

ரேணுகாம்பாள் எட்டாவது வரை படித்தவள். காகிதத்தை வாங்கி, முடிவுரையில் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். முதல் நான்கு சொற்களில் விரல் தயங்கித் தயங்கி நகர்ந்தது. ஐந்தாவதைத் தாண்டிய பிறகு ஓரிடத்தில் நின்றது.

"நச்சு" என்றாள். முகம் தெளிந்துவிட்டது. "நல்லா இருமா நீ." காகிதத்தை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, அனுபமா வாய் திறப்பதற்குள் கிளம்பிவிட்டாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆய்வுக்கூடத்துத் தொலைபேசி அடித்தது.

"சந்திரகலா பேசறேன், எஸ்.ஐ. நச்சுன்னு எழுதியிருக்கீங்க மேடம். சரி. என்ன நச்சு, எப்படி உள்ள போச்சுன்னு எழுதலையே?"

"மேடம், அது வெளியிலிருந்து..."

"இங்க மணிவேலு காலைலேர்ந்து பெஞ்சுல உக்காந்திருக்கான். நான் வெக்கலன்னு அழுவறான். வெளிய அவன் சொந்தக்காரங்க பத்துப் பேரு. இந்தப் பக்கம் ரேணுகாம்பா உங்க ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்துத் தெருவுல நாலு பேருக்குக் குடுத்திருக்காங்க."

அனுபமா அறிக்கையின் நகலை எடுத்துப் பார்த்தாள். தான் எழுதியதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. புளிப்பு ரத்தத்தில் ஏறி உடம்பு கெட்டுப்போவதற்கு அகராதியில் இருக்கும் பெயர் அதுதான். ஆனால் அந்தச் சொல்லை ஊர் எப்படிப் படிக்கும் என்று அவள் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"மேடம், அவரை விட்டுடுங்க" என்றாள். "யாரும் விஷம் வெக்கல. நான் எழுதினது சரியாப் புரியல. இல்ல, நான் புரியற மாதிரி எழுதல. நேர்ல வந்து சொல்றேன்."

"ஸ்டேஷனுக்கு வேண்டாம். அடி அண்ணாமலைக்கே வாங்க. எல்லாரையும் கூட்டிட்டு வந்துடறேன். அங்கயே சொல்லுங்க."

விமல்ராஜின் பைக்கின் பின்னால் உட்கார்ந்து அனுபமா கிரிவலப் பாதைக்குப் போனாள். பௌர்ணமிக் கூட்டம் விட்டுப்போன செருப்புகளையும் தட்டுகளையும் துப்புரவுப் பணியாளர்கள் இன்னும் அள்ளிக்கொண்டிருந்தார்கள். மணிவேலின் பஜ்ஜிக்கடை பூட்டியிருந்தது. அதன் எதிரில் ஜீப் நின்றது. ஜீப்புக்கு இந்தப் பக்கம் ரேணுகாம்பாள், அந்தப் பக்கம் மணிவேல். நாற்பது வயது, ஒல்லியான உடம்பு, அழுது வீங்கிய கண்கள். நடுவில் எஸ்.ஐ. சந்திரகலா தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

"ரேணுகாம்மா" என்று அனுபமா ஆரம்பித்தாள். "உங்க ஆடுங்க பௌர்ணமிக்கு மறுநாள் காலைல எங்க மேஞ்சுது?"

"எங்க மேயும்? வழக்கமா மேயற எடந்தான். கிரிவல ரோட்டு மண்டபத்துக்குப் பின்னால."

"நாலுமேவா?"

"மூணுதான். கிடா கட்டித்தான் கெடந்துச்சு. அது கிரிவலம் வர்றவங்கள முட்டுது, பௌர்ணமிக்கு மட்டும் அவுக்கறதில்ல."

"அந்தக் கிடா எப்படி இருக்கு?"

"அதுக்கு இன்னா? கல்லு மாதிரி கீது."

எல்லோரும் மண்டபத்துக்குப் பின்னால் போனார்கள். தேடவே வேண்டியிருக்கவில்லை. எந்த ஊரிலிருந்தோ வேனில் வந்த ஒரு குழு அன்னதானம் முடித்து, மிஞ்சியதை அங்கேயே கவிழ்த்துவிட்டுப் போயிருந்தது. முட்டியளவு சோற்றுக் குவியல். புளியோதரை ஒரு பக்கம், சாம்பார் சாதம் ஒரு பக்கம், அதற்குமேல் வெண்பொங்கல். வெயில் பட்டு மேலே காய்ந்தும் உள்ளே நுரைத்தும் கிடந்தது. குவியலைச் சுற்றி ஈரமண்ணில் ஆட்டுக் குளம்புத் தடங்கள்.

"இதைத்தான் தின்னிருக்கு" என்றாள் அனுபமா.

ரேணுகாம்பாள் இடுப்பில் கைவைத்தாள். "சோறு தின்னா சாவுமா? நாம எல்லாம் இன்னாத்த தின்றோம்?"

அனுபமாவின் நாக்கு நுனியில் வரிசையாக ஐந்தாறு சொற்கள் வந்து நின்றன. எல்லாவற்றையும் விழுங்கினாள்.

"ராத்திரி தோசைக்கு அரைச்சு வெக்கறீங்க. காலைல என்னாகுது?"

"பொங்கி புளிச்சிடும்."

"ஆட்டு வயித்துல அதான் ஆச்சு. அது வயித்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க கோடிக்கணக்குல இருக்குங்க. ஆடு தின்ற தழையை அதுங்கதான் செரிக்க வெக்குது. திடீர்னு ஒரு நாள் வயிறு முட்ட சோறு போனா, எல்லாம் மாவு மாதிரி புளிச்சிடும். அந்தப் புளிப்பு வயித்துச் சுவரை அரிச்சு ரத்தத்துல ஏறிடும். ரத்தம் கெட்டா ஆடு தாங்காது. அதைத்தான் நான் நச்சுன்னு எழுதினேன். யாரும் கொண்டுவந்து வெச்சதில்ல. உள்ளயே உண்டானது."

"அந்த நீலம்?"

"செத்து சில மணி நேரம் ஆனா எந்த ஆட்டு ஈரலும் அப்படித்தான் ஆகும். நீங்க நல்லா இருக்கற ஆட்டை வெட்டி அப்படியே வெச்சாலும் ஆகும். கிடாவைக் கட்டி வெச்சிருந்தீங்க, அது சோறு தின்னல, நல்லா இருக்கு. மணிவேல் விஷம் வெக்க நெனச்சிருந்தா உங்க வீட்டுல கட்டியிருந்த கிடாவுக்குத்தான முதல்ல வெச்சிருப்பாரு?"

சந்திரகலா தலையை ஆட்டினார். "இது எனக்குப் புரியுது."

மணிவேல் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். ரேணுகாம்பாள் யாரையும் பார்க்காமல் சோற்றுக் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அப்போ அந்த மூணாவது?"

"எந்த மூணாவது?"

"கூட மேஞ்ச செவலை. நேத்துலேர்ந்து தழையே தொடல. கூட்டாளிங்க போயிடுச்சேன்னு ஏங்குதுன்னு நெனச்சேன்."

அனுபமா ஓட ஆரம்பித்தாள். எந்த வீடு என்று அவளுக்குத் தெரியாது என்பது பத்தடி ஓடிய பிறகுதான் உறைத்தது. மணிவேல் முன்னால் ஓடி வழிகாட்டினான்.

செவலை, கொட்டகை ஓரத்தில் காலை மடித்துப் படுத்திருந்தது. இடப்பக்க வயிறு உப்பியிருந்தது. பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. வால் முழுக்கக் கழிச்சல். அனுபமா மண்டியிட்டு விலாவில் கைவைத்தாள். விரலுக்குக் கீழே சூடு இருந்தது, துடிப்பு இருந்தது, வயிற்றுக்குள் தண்ணீர்க் குடம் மாதிரி தளும்பியது. கடைசியாக உயிருள்ள ஆட்டை அவள் தொட்டது கல்லூரியில், ஐந்து வருடம் முன்பு.

அந்தப் பகுதியின் கால்நடை மருத்துவர் செழியனுக்குப் போன் செய்தாள். அவர் தண்டராம்பட்டுப் பக்கம் தடுப்பூசி முகாமில் இருந்தார்.

"உயிரோட இருக்கா?" என்று செழியன் கேட்டார். "உங்க கிட்டயா? ஆச்சரியமா இருக்கே மேடம்."

"விளையாடாதீங்க சார். என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியும். தைரியம்தான் இல்ல."

"தெரிஞ்சா போதும், ஆரம்பிங்க. சோடா உப்பு கரைச்சு மெதுவா உள்ள விடுங்க. தலையை ரொம்ப தூக்காதீங்க, நுரையீரலுக்குப் போயிடும். மூணு மணிக்குள்ள சலைனோட வந்துடறேன்."

அனுபமா நிமிர்ந்தாள். "ஆப்ப சோடா வேணும். உடனே."

"எங்கிட்ட இருக்கு" என்றான் மணிவேல். "பஜ்ஜி மாவுக்குப் போடறது. அரைக்கிலோ கீது."

"வேணாம்!" என்று ரேணுகாம்பாள் கொட்டகை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "அவன் கடையிலேர்ந்து எதுவும் என் ஆட்டு வாயில போவக்கூடாது. டாக்டரம்மா சொன்னதெல்லாம் சரிதான். ஆனாலும் மனசு ஒப்பல."

மணிவேல் போய்க் கடையைத் திறந்து பொட்டலத்தோடு வந்தான். எல்லோருக்கும் எதிரில் ஒரு ஸ்பூன் அள்ளித் தன் வாயில் போட்டுக்கொண்டான். முகம் அஷ்டகோணலாகியது.

"போதுமா யக்கா?" என்றான் கண்ணில் தண்ணீரோடு. "தூ... இதுக்கு விஷமே தேவலாம்."

"மணிவேலு" என்றார் சந்திரகலா, "அந்த வார்த்தைய மட்டும் இன்னிக்கு சொல்லாத."

ரேணுகாம்பாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக்கூடாத நேரத்தில் வந்த சிரிப்பை முந்தானையால் மறைத்துக்கொண்டு வழிவிட்டாள்.

ஆறு ஸ்பூன் சோடாவை அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, காலி பாட்டிலில் ஊற்றி, வாயின் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அனுபமா புகட்டினாள். ரேணுகாம்பாள் தலையைப் பிடித்துக்கொண்டாள். மணிவேல் பின்காலைப் பிடித்துக்கொண்டான். பாதி உள்ளே போனது, கால்வாசி அனுபமாவின் சுடிதாரில் போனது. மீண்டும் கரைத்துக் கொடுத்தாள்.

"அடுத்தது இன்னா?" என்றாள் ரேணுகாம்பாள்.

"அந்தக் கிடா அசை போடும்போது வாயில இருக்கறதைக் கொஞ்சம் எடுக்கணும். எடுத்து இதுக்குக் குடுக்கணும். இதுக்கு ட்ரான்ஸ்..." அனுபமா நிறுத்திக்கொண்டாள். "மோரைப் பாலுல உறை ஊத்தற மாதிரிங்க. இது வயித்துல நல்ல கிருமிங்க செத்துப்போச்சு. கிடாவோட வயித்துலேர்ந்து உறை ஊத்தறோம்."

விமல்ராஜ் பெருமூச்சு விட்டார். "இருபது வருஷமா செத்த ஆட்டு வாயிலதான் கை விட்டிருக்கேன் மேடம். அது கடிக்காது."

கிடா கடித்தது. ஒரு முறைதான், கட்டைவிரல் நுனியில். ஆனாலும் அவர் ஒரு கைப்பிடி பச்சை அசையைக் கொண்டுவந்தார். அதைத் தண்ணீரில் கரைத்துச் செவலைக்குப் புகட்டினார்கள். பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. சந்திரகலா ஸ்டேஷனுக்குப் போன் செய்து வெளியே நிற்கும் சொந்தக்காரர்களை வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். ஆனால் தான் மட்டும் கிளம்பவில்லை. ஆடு என்னாகிறது என்று பார்த்துவிட்டுப் போவதாகச் சொல்லி, கவிழ்த்த கூடையின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

மூன்று மணிக்குச் செழியன் வந்தார். மருந்து பாட்டிலைக் கொட்டகை விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டு, கழுத்து நரம்பில் ஊசி ஏற்றினார். வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். "கொஞ்சம் அசைவு இருக்கு" என்றார். "இனி அதோட சமத்து."

நாலரை மணி சுமாருக்குச் செவலை கழுத்தை நீட்டி ஒரு நீண்ட ஏப்பம் விட்டது. புளித்த காற்று கொட்டகை முழுக்கப் பரவியது. எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். அனுபமா மட்டும் கைதட்டினாள். இன்னும் சற்று நேரத்தில் முன்னங்காலை ஊன்றி, தடுமாறி, எழுந்து நின்றது. ரேணுகாம்பாள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு சத்தமாக அழுதாள். மணிவேல் அவசரமாகக் கடைக்குப் போய் அடுப்பைப் பற்ற வைத்தான். அவனுக்கு வேறு எப்படிச் சந்தோஷப்படுவது என்று தெரியவில்லை.

"டாக்டரம்மா, வெங்காயமா, வாழக்காயா?" என்று அங்கிருந்தே கேட்டான்.

"வாழக்காய். சீக்கிரம் குடுங்க, பொழுது சாஞ்சா நாங்க ஜைனருங்க சாப்பிடமாட்டோம்."

பஜ்ஜிக்கடை பெஞ்சில் அறிக்கை மறுபடி எழுதப்பட்டது. அனுபமா ஒவ்வொரு வரியாகச் சொல்லிப் பார்த்தாள். ரேணுகாம்பாளுக்கும் சந்திரகலாவுக்கும் புரிந்தால்தான் அது காகிதத்தில் ஏறும் என்பது ஏற்பாடு.

"மீவிரைவுன்னு போட்டிருந்தேன். அக்யூட்."

"அப்படீன்னா?" என்றாள் ரேணுகாம்பாள்.

"ஒரு நாள், ரெண்டு நாள்ல சட்டுனு வர்ற நோய். மாசக்கணக்கா இழுத்தா அது வேற பேரு."

"திடீர்னு வந்ததுன்னு எழுதேன்."

எழுதினாள். "இந்தப் புண்ணு... லீஷன்."

"நோய் பண்ண காயம்" என்றார் சந்திரகலா.

"காயம்னா கத்தியால குத்தினதுன்னு ஆயிடும் மேடம். நாளைக்கு வேற யாரையாவது பெஞ்சுல உக்கார வெப்பீங்க."

"நோவு விட்ட தடம்" என்றாள் ரேணுகாம்பாள். "அம்மை போனாக்கூட தடம் விட்டுட்டுத்தான போவும்."

அனுபமா பேனாவை நிறுத்தி அவளைப் பார்த்தாள். மூன்று மணி நேரம் அகராதியில் தேடியும் இப்படி ஒன்று கிடைக்கவில்லை. 'நோய் விட்ட தடம்' என்று எழுதினாள். கல்லீரலின் நீலத்துக்கு, 'இறந்த பிறகு உடல் தானே கெடுவதால் வரும் நிறம், நோய் விட்ட தடம் அல்ல' என்று எழுதினாள். அது போதும் என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். முடிவுரை இப்படி அமைந்தது:

'அளவுக்கு மீறிச் சோறு தின்றதால் ஆடுகளின் வயிறு திடீரென்று புளித்து, அந்தப் புளிப்பு ரத்தத்தில் ஏறி அவை இறந்தன. யாரும் எதையும் கலந்து வைத்ததற்கான தடம் இல்லை.'

சந்திரகலா இரண்டு முறை படித்துவிட்டு, அனுபமா கையெழுத்துப் போட்ட இடத்தைச் சரிபார்த்தார். அரக்கு வைத்த பாட்டில்களும் முறைப்படி சோதனைக்குப் போகட்டும், அதுவரை புகார் அப்படியே இருக்கட்டும் என்றார். ரேணுகாம்பாள் அதைக் காதில் வாங்காமல், தன் ரவிக்கைக்குள்ளிருந்து பழைய அறிக்கையை எடுத்து நாலாகக் கிழித்து மணிவேலின் அடுப்பில் போட்டாள்.

"அது ஒரிஜினல்மா!" என்றார் சந்திரகலா.

"அதான் தெருவுல நாலு ஜெராக்ஸ் கீதே" என்றாள் அவள். பிறகு மணிவேலைப் பார்த்து, "உப்பு கம்மி" என்றாள். பஜ்ஜியைத்தான் சொன்னாள். மணிவேலுக்கு அது போதுமானதாக இருந்தது. சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு வைத்தான்.

பத்து நாளில் பாட்டில்களின் முடிவு வந்தது. விஷம் எதுவும் இல்லை. புகார் மூடப்பட்டது. ஊராட்சியில் பேசி மண்டபத்துக்குப் பின்னால் இரண்டு பெரிய டிரம்கள் வைத்தார்கள். மிச்சச் சோற்றைக் கீழே கொட்ட வருபவர்களைப் பிடித்து அதில் போட வைக்கும் வேலையை யாரும் கேட்காமலே ரேணுகாம்பாள் எடுத்துக்கொண்டாள்.

செழியன் அனுபமாவை விடவில்லை. வாரத்தில் ஒரு நாள் காலையில் கால்நடை மருந்தகத்துக்கு வந்து உதவி செய்யுங்கள், கை பழகட்டும் என்றார். அவள் மேலிடத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு முதல் செவ்வாய்க்கிழமையே போனாள். வரிசையில் முதலில் நின்றது சினை பிடிக்காத ஒரு ஜெர்சிப் பசு. அனுபமா மரியாதையோடு பின்பக்கம் போய் நின்று, வெப்பமானியை எடுத்தாள்.

பசு ஓர் உதை விட்டது. வாளி பறந்தது, ட்ரே பறந்தது, அனுபமா சாணத்தில் உட்கார்ந்தாள். மாட்டுக்காரர் பதறிப்போய்க் கைகொடுத்தார். செழியன் கத்தினார்: "அடிபட்டுச்சா மேடம்?"

"இல்ல சார்" என்றாள் அனுபமா, எழுந்து சுடிதாரைத் தட்டிவிட்டுக்கொண்டே. அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "நல்ல உதை. இந்த மாடு ரொம்ப நாள் உயிரோட இருக்கும்."

தள்ளிப் போய் விழுந்த வெப்பமானியைத் தேடி எடுத்து, கழுவிக்கொண்டு, இந்த முறை பக்கவாட்டில் போய் நின்றாள்.